மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று: பாலை நிறுத்தத்தான் வேண்டுமா?

தென்காசிப் பக்கத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் குழந்தை பெண். பத்து மாதம் ஆகிறது. எடை 7.6 கிலோ. பிரசவத்துக்குப் பிறகு இவருக்கு மாதவிலக்கே வரவில்லை. பால் கொடுக்கிறவரை கரு நிற்காது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பியிருந்தார். போன மாதம் திடீரென்று காம்பில் தாங்க முடியாத வலி. குழந்தையும் நாலு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. சந்தேகப்பட்டு கிட் வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. ஸ்கேனில் 8 வாரம் என்று சொன்னார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2.

அன்றைக்கே மாமியார் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். "வயித்துப் பிள்ளைக்காரி பாலு விஷம். குடிச்சா இது சவலை பாஞ்சுரும், உள்ள இருக்கதும் தங்காது." மார்பில் வேப்பெண்ணெய் தடவப்பட்டது. குழந்தை இரண்டு இரவு தொண்டை கட்டும்வரை அழுதது. மூன்றாம் நாள் ராத்திரி பொறுக்க முடியாமல், மார்பைக் கழுவிக்கொண்டு, பிள்ளையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து பகலில் புட்டி, ராத்திரியில் மொட்டைமாடி. உள்ளூர் டாக்டரிடம் கேட்டதற்கு "நிறுத்திடும்மா" என்று ஒரே வார்த்தை, காரணம் சொல்லவில்லை. கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறார். சின்ன மாமியார் ஒருவர், "இவ்வளவு சீக்கிரம் எதுக்கு, கடையில மாத்திரை வாங்கித் தாரேன்" என்கிறாராம். "எனக்கு இந்தப் பிள்ளை வேணும். ஆனா நான் ரெண்டு பிள்ளைக்கும் துரோகம் பண்றேனா டாக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

துரோகம் எதுவும் இல்லை. மொட்டைமாடியை விட்டுக் கீழே இறங்கி வாருங்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூத்த குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். உங்கள் பால் விஷமாகவில்லை, ஆகவும் ஆகாது.

ஆனால் ஒன்று. நான்கு பக்கமும் பாலைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது வேறு இரண்டு இடத்தில். ஒன்று அந்த 9.2. இன்னொன்று, மூன்றாம் பக்கத்தில் ஓரமாக, "மூத்தவள் ஆபரேஷன்லதான் பிறந்தா" என்று போகிற போக்கில் எழுதிய அரை வரி. வீடே பாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டியது உங்கள் ரத்தத்தையும் உங்கள் தையலையும். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வி.

பால் கெட்டுப்போகிறதா?

பால் மாறுகிறது, அது உண்மை. கரு நின்றதும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன. அவை பால் சுரப்பைக் குறைக்கும். பாலில் இனிப்பு குறைந்து உப்புக் கரிப்பு கூடும். உங்கள் மகள் நாலு வாய் இழுத்துவிட்டு அழுதாளே, அது இதனால்தான். காம்பு வலியும் இதே ஹார்மோன் வேலைதான். நான்கு, ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் பால் கண்ணுக்குத் தெரியவே குறைந்துவிடும். அதன் பிறகு பால் மெல்ல மெல்லச் சீம்பாலாக மாறும். மூத்தது குடித்தால் தம்பி, தங்கைக்குச் சீம்பால் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பிரசவம் வரை உடம்பு அதைச் செய்துகொண்டேதான் இருக்கும். மூத்தவளுக்கு அப்போது கொஞ்சம் இளக்கமாகப் போகலாம், அவ்வளவுதான்.

சரி, சவலை? இதில் உங்கள் மாமியாரை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். அடுத்த பிள்ளை உண்டானதும் மடிப்பிள்ளை வாடிப்போவதை நம் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். இதே காட்சியை மேற்கு ஆப்பிரிக்காவிலும் பார்த்திருக்கிறார்கள். இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர், கைகால் வீங்கி, முடி செம்பட்டையாகி, சோர்ந்து கிடந்த குழந்தைகளைப் பற்றி 1930களில் எழுதினார். அந்த நோய்க்கு அவர் உள்ளூர் மக்களின் சொல்லையே பெயராக வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம் சவலைதான், வேறு மொழியில்.

இரண்டு ஊர்க் கிழவிகளும் கண்டது சரி. நம்மூரில் காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டோம். அந்தக் குழந்தைகள் வாடியது தாய்ப்பால் குடித்ததால் இல்லை. பால் ஒரே நாளில் நின்றுபோய், அதற்கு ஈடாகப் பருப்போ முட்டையோ மீனோ கிடைக்காமல் வெறும் கஞ்சியிலேயே கிடந்ததால். அப்படிப் பார்த்தால் வேப்பெண்ணெய் தடவிய அந்த இரண்டு நாள்தான் சவலைக்கு வழி, மொட்டைமாடி இல்லை. இதை மாமியாரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். "நீங்க சொன்ன சவலை வரக்கூடாதுன்னுதான் டாக்டர் மெதுவா நிறுத்தச் சொல்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மகளின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து மாதப் பெண் குழந்தையின் நடு எடை 8.5 கிலோ. 6.7க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்கிறோம். 7.6 சவலை இல்லை. ஆனால் மாதாமாதம் அங்கன்வாடித் தராசில் நிறுத்துப் பாருங்கள். கோடு மேலே போகிறதா என்பதுதான் முக்கியம்.

கரு தங்காதா?

பிள்ளை பால் இழுக்கும்போது ஆக்ஸிடோசின் சுரக்கும். கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும் அதே ஆக்ஸிடோசின்தான். பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் சாவி மட்டும் இருந்தால் போதாது, பூட்டும் இருக்க வேண்டும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ஆக்ஸிடோசினை ஏற்கும் இடங்கள் கர்ப்பப்பையில் மிகக் குறைவு. பிரசவம் நெருங்கும்போதுதான் அவை பெருகும். அதுவரை புரோஜெஸ்டிரோன் வேறு கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருக்கிறது. ஆரோக்கியமான கர்ப்பத்தில், மற்ற உணவும் சாப்பிடுகிற குழந்தைக்குப் பால் கொடுத்ததால் கரு கலைந்தது என்று காட்ட உறுதியான சான்று இல்லை.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உறுதியான கர்ப்பங்களிலேயே பத்தில் ஒன்று, சில கணக்குப்படி அதற்கும் மேல், தானாகக் கலைந்துவிடுகிறது. அதில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில், கருவின் குரோமோசோம் கோளாறால். பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இது நடக்கும். நடந்தால் வீட்டில் பழி மட்டும் பால் மேல் விழும். அந்தப் பழியை நீங்கள் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நிறுத்தியே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. ரத்தக்கசிவு, முன்பு குறைமாதப் பிரசவம் அல்லது அடுத்தடுத்துக் கருச்சிதைவு, கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பது, அங்கே தையல் போட்டிருப்பது, இரட்டைக் கரு, தாம்பத்திய உறவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பது. இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. பால் கொடுக்கும்போது வயிறு லேசாக இறுகி, எடுத்ததும் தளர்ந்துவிட்டால் பரவாயில்லை. எடுத்த பிறகும் விட்டுவிட்டு இறுகினாலோ ரத்தம் பட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் உள்ளூர் டாக்டர் அந்தச் சிசேரியன் தையலையும் ரத்தக் குறைவையும் மனதில் வைத்துத்தான் நிறுத்தச் சொன்னாரோ என்னவோ. அடுத்த முறை "ஏன்" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது நாங்களும் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறோம், ஒப்புக்கொள்கிறேன்.

நான் கவலைப்படுவது இதற்குத்தான்

பால் கொடுத்தால் கரு தங்காது என்பதைப் போலவே, பால் கொடுத்தால் கரு நிற்காது என்பதும் அரைகுறை உண்மைதான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குப் பாதுகாப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். அதனால் ஒரு தடவைகூட வராமலே கரு நின்றுவிடலாம். நடந்தது நடந்துவிட்டது. உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அடுத்த பிரசவத்துக்குப் பிறகு காப்பர் டி பற்றிப் பேசும்போது நினைவில் இருக்கட்டும் என்றுதான்.

இப்போது தையல். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கரு நிற்கக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. உங்களுக்கு எட்டு மாதம்தான். சிசேரியனுக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவில் பதினேழு மாதம் போலத்தான் வரும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் பழைய தையல் விட்டுவிடும் ஆபத்து கூடுகிறது. மறுபடி ஆபரேஷனா, முயன்று பார்ப்பதா என்பதைக் கடைசி மாதத்தில் பதறிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. ரத்த வங்கியும் இரவில் மயக்க மருந்து டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரியை இப்போதே பார்த்து வையுங்கள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் தாளை எங்கே வைத்தீர்கள் என்று தேடி எடுங்கள். ஆபரேஷன் எதற்காக நடந்தது, எப்படி வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஸ்கேன் அறிக்கையில் கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். கரு பழைய தழும்பிலேயே ஒட்டிக்கொள்வது அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆபத்து. ஸ்கேன் செய்தவரிடம் "முதலாவது சிசேரியன்" என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், அறிக்கையோடு மகப்பேறு டாக்டரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள். அதுவும், மாதவிலக்கே வராத உங்களுக்குத் தேதி கணக்கிட இந்த ஸ்கேனை விட்டால் வேறு வழி இல்லை. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் 9.2 என்பதைக் "கொஞ்சம் கம்மி" என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7க்கும் 10க்கும் இடையில் இருந்தால் நடுத்தர ரத்தசோகை. கொஞ்சம் கம்மி இல்லை, தங்கை. ஆபரேஷன் மேஜையில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனால் தாங்குகிற கையிருப்பு உங்களிடம் இல்லை.

ஃபோலிக் ஆசிட் இப்போதிலிருந்தே போட வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்களுக்கு எப்போது தொடங்குவது, ஒன்றா இரண்டா என்பதை டாக்டர் சொல்வார். மாத்திரையில் ரத்தம் ஏறவில்லை என்றால் மூன்று மாதம் கழிந்த பிறகு ஊசியாக ஏற்றலாம். வாந்தி வருகிறதென்று மாத்திரையைப் பரணில் போட்டுவிடாதீர்கள், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் முன் போடுங்கள். காபி, டீயோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது. ஒரு நெல்லிக்காய் கூடச் சேர்ந்தால் நல்லது.

சாப்பாடும் அப்படித்தான். கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆறு மாதத்துக்கு மேல் பால் கொடுக்கும் தாய்க்கு 520. உங்களுக்குப் பால் குறைந்து வருவதால் இரண்டையும் அப்படியே கூட்ட வேண்டாம். ஆனால் ஒரு முழுவேளைச் சாப்பாடாவது கூட வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்போடு மருமகள் உட்காரும் வீடுகளை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீடு அப்படி இல்லை என்றே நம்புகிறேன். தினம் ஒரு முட்டை, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, கிடைக்கிற நாளில் மீன், முருங்கைக்கீரை. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கரைக்காமல் நீங்களே சாப்பிடுங்கள்.

தொடர்வதா, நிறுத்துவதா?

இரண்டு வழியும் சரியான வழிதான். ரத்தம் ஏறி, நீங்கள் நன்றாகச் சாப்பிட்டு, வலியைத் தாங்க முடிந்தால் தொடரலாம். இரண்டாவது பிறந்த பிறகும் இரண்டு பேருக்கும் கொடுக்கிற தாய்மார் இருக்கிறார்கள். முதல் சில நாள் சீம்பாலை மட்டும் சின்னவருக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும். இல்லை, எனக்கு முடியவில்லை, காம்பு வலி உயிர் போகிறது என்றால் நிறுத்தலாம். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பத்து மாதம் கொடுத்திருக்கிறீர்கள்.

என் யோசனையைக் கேட்டால், மகளுக்கு ஒரு வயது நிறையும்வரை இரண்டு மூன்று வேளையாவது கொடுங்கள், அப்புறம் மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குள் பால் தானாகக் குறைந்து, அவளே விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.

குறைப்பது எப்படி?

ஒரு நேரத்தில் ஒரு வேளையை மட்டும் நிறுத்துங்கள். அவள் அவ்வளவாகத் தேடாத மத்தியான வேளையை முதலில் எடுங்கள். அந்த நேரத்தில் பருப்புச் சாதமோ கேழ்வரகுக் கூழோ கொடுத்து, பக்கத்து வீட்டுக் கோழியைக் காட்டித் திசை திருப்புங்கள். நான்கைந்து நாள் பழகியதும் அடுத்த வேளை. தூங்கும் முன் குடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் வருகிற நாளில் அவர் தோளில் போட்டுத் தூங்க வைக்கட்டும். உங்கள் மேல் பால் வாசனை அடிக்கும், அவர் மேல் அடிக்காது.

வேப்பெண்ணெய், கற்றாழை, மிளகாய் எதுவும் வேண்டாம். கசப்பைவிட, அம்மா ஏன் திடீரென்று இப்படி ஆனாள் என்ற பயம்தான் பிள்ளைக்குப் பெரிது. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போவது கைக்குழந்தைக்கு நல்லதும் இல்லை. ஒரேயடியாக நிறுத்தினால் உங்களுக்கும் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கனத்துப்போனால், வலி தீரும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சி எடுத்துவிட்டுக் குளிர்ந்த துணி போடுங்கள். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிரிக்க மாட்டேன். இதைத் தென்னிந்திய மருத்துவர்களே பாலை வற்ற வைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் சுரப்பு குறைவதாக 1988இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது பிரசவமான தாய்மாரை. உங்களுக்கு ஹார்மோனே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, பூவைத் தலையில் வையுங்கள். பால் வற்ற மாத்திரை என்று மருந்துக்கடையில் எதையும் கேட்காதீர்கள்.

அந்தப் புட்டியில் என்ன போகிறது? பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றே மாற்றுங்கள். தண்ணீர் கலந்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. உண்மையான சவலை அங்கேதான் இருக்கிறது. ஒரு வயதுவரை தாய்ப்பாலுக்குக் குறைவிருந்தால் டாக்டர் சொல்லும் பால்பவுடரை டப்பாவில் உள்ள அளவுப்படி கலக்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் காய்ச்சிய பாலைத் தண்ணீர் கலக்காமல் கொடுங்கள். பாலாடையிலோ சின்ன டம்ளரிலோ கொடுத்தால் புட்டியைக் கழுவும் தொல்லையும் வயிற்றுப்போக்கும் குறையும். முட்டையும் மீனும் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்ற பிறகும் நாளுக்கு 200 முதல் 400 மில்லி பால் போதும். லிட்டர் கணக்கில் மாட்டுப்பால் ஊற்றினால் பசி செத்து, ரத்தம் குறையும். தாய்ப்பால் நின்றுவிட்டால் நாளுக்கு நான்கைந்து வேளை கெட்டியான சாப்பாடு வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் மட்டும் வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தைக்கான இரும்புச்சத்து சிரப்பையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் முதல் வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு மில்லி.

அந்த மாத்திரை விஷயம்

கலைக்கும் மாத்திரையைச் சின்ன மாமியார் வாங்கித் தந்தாலும் வாயில் போடாதீர்கள். கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், சிசேரியன் தழும்போடு, 9.2 ரத்தத்தோடு வீட்டில் அதைப் போட்டு, விடியற்காலையில் ஆம்புலன்ஸில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பிள்ளை வேண்டும், அது போதும். ஒருவேளை நாளைக்கு மனம் மாறினாலும் சட்டப்படி வழி இருக்கிறது. 20 வாரம்வரை, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, தகுதியுள்ள ஒரு டாக்டரின் ஒப்புதலோடு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வைத்துக்கொள்வதும் அப்படித்தான், யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். பதியும்போது தரும் எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. பதிவு செய்யப் போகும்போது, பழைய டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றோடும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "இவங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடும் மாத்திரையும் நீங்கதான் பார்த்துக்கணும்மா" என்று செவிலியர் அவரிடமே பொறுப்பை ஒப்படைக்கட்டும். பிள்ளை சவலை பாய்ந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர் அதைத் தட்ட மாட்டார். நான்கு வாரம் கழித்து ரத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.